மூன்று பாஷையில் மயக்கம்

எனக்கு நினைவில்லை என்று அன்றைக்கு மூன்று பாஷையில் சொன்னார்கள். தமிழில் சொன்னார்கள், இத்தாலிய பாஷையில் சொன்னார்கள், ஸ்பானிஷில் சொன்னார்கள். மூன்றும் என் காதில் விழுந்தது, மூன்றும் புரிந்தது. கண் மூடிக் கிடந்தேன். வாய் கோணிப் பிளந்திருந்தது. கையைத் தூக்கி விட்டால் சொத்தென்று விழுந்தது. இப்படிக் கிடப்பவனைப் பார்த்து வேறு என்ன சொல்வார்கள்? அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் யாராவது "அவருக்கு நெனவு இல்லீங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, படுத்திருப்பவரின் தலைமாட்டிலேயே நின்று யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று பேச ஆரம்பித்தால் எனக்குத் தாங்காது. வெளியே போய்ப் பேசுங்கய்யா என்று முன்பின் தெரியாதவர்களிடம் சண்டைக்கே போயிருக்கிறேன்.

கரியாலூருக்குப் பக்கத்தில் வெளிநாட்டுச் சிஸ்டர்கள் இரண்டு பேர் ஒரு சின்ன மருந்தகம் நடத்தினார்கள். அங்கே எனக்கு வேலை. கம்பவுண்டருக்கு உதவியாள் என்று பெயர். கம்பவுண்டர் என்று ஒருவர் அங்கே இருந்ததே இல்லை. மாத்திரையைப் பொட்டலம் கட்டுவேன், ஊசியைக் கொதிக்க வைப்பேன், மற்ற நேரமெல்லாம் வாய்தான் வேலை. நோயாளி சொல்வதைச் சிஸ்டருக்குச் சொல்ல வேண்டும், சிஸ்டர் சொல்வதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம். தியாகதுருகத்துப் பெண்ணை மலைக்கு மேலே கொண்டுவந்து குளிரில் வைத்திருக்கிறேன் என்று மாமனார் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம்.

பெரிய சிஸ்டர் இத்தாலிக்காரர். அறுபதை நெருங்கியவர். ஜீப்பை அவரேதான் ஓட்டுவார், அதுவும் கொண்டை ஊசி வளைவில் ஹார்ன் அடிக்காமல். சின்ன சிஸ்டர் ஸ்பெயின். ஒருவர் பாஷையை மற்றவர் கற்றுக்கொள்ளவில்லை. அவர் இத்தாலிய பாஷையில் கேட்பார், இவர் ஸ்பானிஷில் பதில் சொல்வார். தமிழ்நாட்டுக்காரரும் கேரளாக்காரரும் ரயிலில் பேசிக்கொள்கிற மாதிரி பாதி புரியும், மீதிப் பாதிக்குச் சண்டை வரும். கூடவே இருந்த எனக்கு இரண்டு பாஷையும் காதில் விழுந்து விழுந்தே கொஞ்சம் படிந்துவிட்டது. பேச வராது. கேட்டால் புரியும்.

அவர்களை மிகவும் படுத்திய தமிழ் வார்த்தை மயக்கம். "மயக்கமா வருதுங்க" என்று ஒரு அம்மா வந்து நிற்பார். அவர் சொல்வது தலைசுற்றல். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். சின்ன சிஸ்டர் பதறிப் போய் அவரைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பார். இன்னொரு நாள் "எங்கப்பா மயக்கமா கெடக்கறாரு" என்று ஒருவர் ஓடி வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறிப் போய்ப் பார்த்தால், ஆள் சாராயத்தில் கிடந்தார். புதுசாகக் கல்யாணமான பெண் மயக்கம் என்றால் வீட்டில் சிரிப்பார்கள், சர்க்கரை கொடுப்பார்கள். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று பெரிய சிஸ்டர் என்னிடம் சண்டை போட்டார், தமிழை நான்தான் செய்து வைத்த மாதிரி.

நான் விடுவேனா? உங்கள் பாஷையில் என்னவாம் என்று கேட்டேன். மழை பெய்து நோயாளிகள் வராத ஒரு மத்தியானம். பெரிய சிஸ்டர் சொன்னார்: ஸ்வெனூத்தோ. வருவதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு, அதற்கு முன்னால் ஓர் எழுத்தைப் போட்டால் விலகிப் போய்விட்டவன் என்றாகிவிடும் என்றார். பிரெஞ்சு மருந்துப் பெட்டிகளுக்குள் வரும் தாளைப் பிரித்து அதிலிருந்தும் ஒன்று படித்துக் காட்டினார். எவனூயி. பனி கலைகிற மாதிரி மறைந்து போவது. சின்ன சிஸ்டர் தன் ஊர்ச் சொல்லைச் சொன்னார்: தெஸ்மயாதோ. எனக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, நடுவுல 'மயா' கீது. மயக்கம்தான் அது. எங்க ஊரு வார்த்த உங்க ஊருக்கு எப்பவோ கப்பலேறிப் போயிருக்கு" என்று அடித்து விட்டேன். சின்ன சிஸ்டர் அதை அப்படியே நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன்.

இன்னொரு சொல்லும் உண்டு. இத்தாலிய பாஷையில் இன்கோஷெந்தே, ஸ்பானிஷில் இன்கொன்ஸ்யெந்தே. நினைவே இல்லாமல் கிடப்பவனுக்கும் அதுதான், பொறுப்பில்லாமல் நடந்துகொள்பவனுக்கும் அதுதான். மருந்துப் பெட்டியை நான் திறந்து போட்டுவிட்டுப் போனால் பெரிய சிஸ்டர் "இன்கோஷெந்தே!" என்று மலை அதிரக் கத்துவார். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு, நாம் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் முதலில் தோன்றும்.

அந்த வருஷங்களில் கீழே எங்கு பார்த்தாலும் இடஒதுக்கீட்டுப் போராட்டம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் ஜாதிக்குத் தனியாக ஒதுக்கு என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது, மலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். ஆவணிக் கடைசியில் ரோட்டோர மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது. உப்பும் மண்ணெண்ணெயும் மேலே வரவில்லை. ஐஸ் வரவில்லை, மருந்து வரவில்லை. விஷமுறிவு ஊசி தீர்ந்து போய் அடுத்ததற்கு நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். கீழே துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்தார்கள் என்று ரேடியோவில் ஒன்று சொல்வார்கள், நடந்து மலையேறி வருபவர்கள் வேறு ஒன்று சொல்வார்கள். என் மனைவி தன் அப்பா அண்ணன்மார் கதி தெரியாமல் சோறு இறங்காமல் இருந்தாள்.

அப்படி ஒரு காலையில் வயிற்று வலியோடு எழுந்தேன். வயிற்றை யாரோ உள்ளேயிருந்து முறுக்குகிற வலி. வாந்தி எடுத்தேன். முகம் கழுவ வாளிக்குக் குனிந்தால் இரண்டு வாளி தெரிந்தது. கண்ணிமை இரண்டும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது, விரலால் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க முடிந்தது. "ராத்திரி இன்னாத்தக் குடிச்ச?" என்று என் மனைவி கேட்டாள். கோபம் வந்தால்தான் 'நீ, வா, போ' எல்லாம் வரும். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு தடித்துக்கொண்டு குழறல்தான் வந்தது. அதைக் கேட்டு அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே என் பாயைச் சுருட்டினாள்.

பாதி சுருட்டியதும் நிறுத்தினாள். பாய்க்கு அடியில் கட்டுவிரியன், கறுப்பில் வெள்ளை வெள்ளையாக வளையம் போட்டுச் சுருண்டு கிடந்தது. அவள் கத்தவில்லை. பாயை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தரதரவென்று மருந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியிலேயே என் முழங்கால் மடங்கிவிட்டது. எப்போது கடித்தது, எங்கே கடித்தது என்று எனக்கே தெரியாது. எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தூக்கத்தில் உறைக்கவில்லை.

மருந்தகத்துப் பெஞ்சில் என்னைப் படுக்க வைத்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. பிறகு தலையைத் திருப்ப முடியவில்லை. பிறகு எச்சிலை விழுங்க முடியவில்லை. ஒவ்வொன்றாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொன்று போகும்போதும் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் மூச்சை இழுத்தேன், நெஞ்சு எழும்பவில்லை. தண்ணீருக்குள் மூழ்கியவனுக்காவது கை காலை உதற முடியும். எனக்கு அதுவும் இல்லை. இதுதான் சாவு போலிருக்கிறது, இவ்வளவு சத்தமில்லாமலா வரும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் முகத்தில் ரப்பர் மூடியை வைத்து அழுத்தி, பலூன் மாதிரி இருக்கும் அந்தப் பையைச் சின்ன சிஸ்டர் அமுக்கினார். புஸ் என்று காற்று உள்ளே போயிற்று. நெஞ்சு எழும்பியது.

அன்றைக்கு முழுக்க என் மூச்சு அடுத்தவர் கையில் இருந்தது. அவர் அமுக்கினால் உண்டு. ஜீப் குலுங்கி அவர் கை தவறினால் இல்லை. இன்னொரு தரம் அமுக்குங்கள் என்று கேட்க எனக்கு வழியில்லை. இதைவிடப் பெரிய பயத்தை நான் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை.

பெரிய சிஸ்டர் என் கன்னத்தில் அறைந்தார், காது மடலை நகத்தால் கிள்ளினார். உயிர் போகிற மாதிரி வலித்தது. முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "ஸ்வெனூத்தோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இன்கோஷெந்தே" என்றார். நாம் என்ன தப்புச் செய்தோம் என்றுதான் எனக்கு அப்போதும் முதலில் தோன்றியது. அடுத்த நொடி அதன் இன்னொரு அர்த்தம் புரிந்தது. இவர்கள் கணக்கில் நான் இங்கே இல்லை. சின்ன சிஸ்டர் "தெஸ்மயாதோ, ஸி" என்று பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் பின்னால் கிடத்தினார்கள். பெரிய சிஸ்டர் ஓட்டினார். அன்றைக்கு மட்டும் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தார். வெள்ளிமலை தாண்டி இறக்கத்தில், என் தலை என் மனைவியின் மடியில். முதலில் அவள் வேப்பிலை அரைத்தாவது கொடுத்திருக்கலாமே என்று அழுதாள், பிறகு பாயை உதறிப் போடாத தன்னைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள். ஒரு வளைவில் ஜீப் சாய்ந்து, மூடி என் முகத்திலிருந்து நழுவி, காற்று நின்றது. அவள் குனிந்து என் காதோடு வாயை வைத்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ஓட்டுக்கு ஆள் கணக்கெடுக்க வந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொல்வார்கள். என் மனைவிக்கு நான் 'இன்னாங்க' தான். என் பெயரே உள்ள ஒரு மளிகைக் கடையை அவள் 'அந்தக் கடை' என்றுதான் சொல்வாள். அவள் வாயிலிருந்து என் பெயரை நான் கேட்டது அப்போதுதான். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள், தொலைந்த பிள்ளையைச் சந்தையில் தேடுகிறவள் மாதிரி. மூடியைச் சின்ன சிஸ்டர் சரி செய்து காற்று வந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. இதோ இருக்கிறேன், இதோ இருக்கிறேன் என்று நான் உள்ளுக்குள் கத்தினேன். செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கச்சிராயபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜீப் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் கிடந்திருக்கிறது. நான் எங்கே பார்த்தேன், சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறேன். நிறைய ஆண் குரல்கள், மரத்தில் அரிவாள் கொத்துகிற சத்தம். பெரிய சிஸ்டர் இறங்கினார். அவரிடம் இருந்த தமிழ் அவ்வளவும் என்னிடம் கற்றது. "ஐயா, வழி கொடுங்கள். இவருக்கு மயக்கம்" என்றார்.

மயக்கம்! தாயே, அந்த வார்த்தை வேண்டாம் என்று நான் அலறினேன். எல்லாம் உள்ளுக்குள்தான்.

"மயக்கம்தானே? மூஞ்சில தண்ணி தெளிச்சி குந்த வையுங்க, சரியாப் பூடும்" என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்லீங்க, பாம்பு கடிச்சிடுச்சிங்க. நானே பாத்தேன்" என்று என் மனைவி கத்தினாள்.

கட்டையான ஒரு குரல் கிட்டே வந்தது. "எங்க கடிச்சிது? தடம் காட்டு." காலைப் புரட்டினார்கள், கையைப் புரட்டினார்கள். தடம் இல்லை. கட்டுவிரியன் கடித்தால் பல தடவை தடமே தெரியாது என்று சொல்ல வேண்டியவன் நான். இந்த மருந்தகத்துக்கு வாய் நான்தான். அந்த வாய் பிளந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஜீப் என்றாலே அவர்களுக்குப் பயம் என்பதும் குரலில் தெரிந்தது. யாரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், பின்னாலேயே போலீஸ் வருமா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். வண்டிக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, பேச்சு மூச்சு இல்ல போலக்கீது. முடிஞ்சி போச்சி."

பேச்சு மூச்சு இல்லை. அதை மறுக்க எனக்கு வகையில்லை. பேச்சு காலையிலேயே போய்விட்டது. மூச்சு சின்ன சிஸ்டர் கையில் இருந்தது.

"அப்ப இன்னாத்துக்கு ஆசுபத்திரி? ஊருக்கே திருப்பிக்கினு போங்கம்மா. பொணத்துக்கு வழி இல்லன்னு சொல்லல. இந்த மரத்த எப்ப எடுக்கறது, அடுத்த மரத்த எப்ப எடுக்கறது? கள்ளக்குறிச்சி வரைக்கும் மரந்தான்" என்றது கட்டைக் குரல். அந்தக் குரலில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. நல்ல மனதோடு என்னைச் சுடுகாட்டுக்கு எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிஸ்டர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நாடி இருக்கிறது என்றார் பெரியவர். எவ்வளவு நேரம் அமுக்க முடியும் என்று கேட்டார். என் கை போய்விட்டது என்றார் சின்னவர். மறுபடியும் அந்தச் சொல்லைப் பெரியவர் சொன்னார். அதோடு 'ஆழமாக' என்பதற்கான சொல்லையும் சேர்த்துச் சொன்னார். ஆழமாக நினைவில்லை. கிணற்றில் போட்ட கல்லுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்போது என் மனைவி சொன்னாள்.

"போதும் சிஸ்டர். வுட்டுடுங்க. அவரப் படுத்தாதீங்க."

அழுது சொல்லவில்லை. ரொம்பக் களைத்துப் போன குரலில் சொன்னாள். பை ஒரு தரம் அமுங்க வேண்டிய நேரத்தில் அமுங்கவில்லை. நான் காத்திருந்தேன். நெஞ்சு எரிய ஆரம்பித்தது. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நேரமில்லை, முழுக்கப் பயம்தான் இருந்தது. வேண்டாம், வேண்டாம், நான் இருக்கிறேன் என்று எத்தனை தரம் சொன்னேனோ. பிறகு புஸ் என்று காற்று வந்தது. சின்ன சிஸ்டர் விடவில்லை.

கட்டைக் குரலுக்கு என்ன தோன்றியதோ. "இரு, இரு. தடம் இல்ல, வாயில நொர கட்டுது. இது வலிப்புடா. எங்க மச்சானுக்கு இப்படித்தான் வரும். கையில இரும்பு குடுத்தீங்களா?" என்று கேட்டார். வலிப்பு வந்து விழுந்தவன் கையில் இரும்பைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் விழுந்தால் பத்துப் பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். அதனால் ஒன்றும் ஆகாது என்று மருந்தகத்துக்கு வருகிறவர்களிடம் நானே எத்தனையோ தரம் திட்டிச் சொல்லியிருக்கிறேன். அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து என் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார்.

இரும்பு சில்லென்று இருந்தது. நான் அந்தச் சில்லிப்பைப் பிடித்துக்கொண்டேன். மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மூச்சைக்கூட விட்டுவிட்டு, என்னிடம் இருந்ததையெல்லாம் சுண்டுவிரலுக்கு அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். விரல் நுனி ஒரு நூல் அளவு நகர்ந்தது. கிலிங்.

ஒருவரும் கவனிக்கவில்லை. போராட்டத்தைப் பற்றி, மரத்தைப் பற்றி, போலீசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு தரம் தள்ளினேன். கிலிங்.

"ஸிலென்ஸ்யோ!" என்று சின்ன சிஸ்டர் கத்தினார். பாஷை தெரியாதவர்களும் வாயை மூடினார்கள். அவர் என் முகத்துக்குக் கிட்டே குனிந்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழைப் பொறுக்கி, "நீ உள்ளே இருக்கா? இருந்தால் ஆட்டு" என்றார்.

ஆட்டினேன். கிலிங்.

"இரண்டு தரம் ஆட்டு."

கிலிங், கிலிங்.

என்ன ஒரு சத்தம் எழும்பியது அங்கே! என் மனைவி ஓவென்று கத்தினாள். பெரிய சிஸ்டர் அழுதுகொண்டே தன் பாஷையில் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டியது அதே சொல்தான், இன்கோஷெந்தே. கட்டைக் குரல்காரர் மட்டும் கம்பீரமாக, "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் வலிப்பு தெளியுது" என்றார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

அதற்கப்புறம் அவர்தான் எல்லாம். கரும்புக் காட்டுக்குள் வண்டிப்பாதை இருக்கிறது என்றார். ஆட்கள் என்னைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு மரத்தைத் தாண்டித் தூக்கினார்கள். டிராக்டர் டிரெய்லரில் கட்டிலோடு ஏற்றினார்கள். பையை அமுக்கச் சின்ன சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். மரம் வெட்டிய கைகள் மாறி மாறி அமுக்கின. ஒருவர் ரொம்ப வேகமாக அமுக்குவார், ஒருவர் பாதியில் கதை பேச ஆரம்பித்துவிடுவார், "அமுக்குடா டேய்!" என்று மற்றவர்கள் கத்துவார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. வழியில் மறித்தவர்களிடமெல்லாம் கட்டைக் குரல்காரர் "வலிப்பு கேசு, வழி வுடு!" என்று அதட்டினார். நான் இருக்கிறேனா என்று சந்தேகம் வரும்போதெல்லாம் யாராவது "ஆட்டுப்பா" என்பார்கள். ஆட்டுவேன். கள்ளக்குறிச்சிக்குக் கிட்டே வரும்போது விரலும் நின்றுவிட்டது. அதற்குள் எல்லோருக்கும் நான் உள்ளே இருப்பது தெரிந்துவிட்டதால், விரல் நின்ற பிறகும் என்னிடம் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி போட்டார்கள், தொண்டையில் குழாய் போட்டார்கள். இமை தானாகத் திறக்கப் பல நாள் ஆயிற்று. கட்டைக் குரல்காரரை நான் பார்க்கவே இல்லை. சாவியை வாங்காமல் போக மாட்டேன், மோட்டார் கொட்டாய் பூட்டிக் கிடக்கிறது என்று வாசலில் நின்றாராம்.

பல வருஷம் கழித்து, தன் ஊருக்குப் போய்த் திரும்பிய சின்ன சிஸ்டர், படித்த ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். தெஸ்மயாதோ என்ற சொல்லுக்குள் இருப்பது மயக்கம் இல்லையாம். செய்ய முடிவது, பலம் என்று பொருள்படும் ஒரு பழைய வட ஐரோப்பியச் சொல்லாம் அது. தெஸ்மயாதோ என்றால் பலம் போனவன். மற்ற எல்லா வார்த்தைகளும் என்னை வெளியே அனுப்பிவிட்டன, அந்த ஒன்றுதான் என்னை உள்ளேயே விட்டு வைத்திருந்தது. ஆனால் சொன்னவருக்கே அது அப்போது தெரியாது.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு மத்தியானம் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"சாவி ஆடறதுக்கு முன்னாடி நாங்க பேசினதெல்லாம் உங்களுக்குக் காதுல வுழுந்துச்சா?"

உரித்துக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நான் பட்ட பயம் அவ்வளவும் இப்போது அவள் முகத்தில் இருந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில்தான் அவள் மூச்சு இருந்தது.

"இல்ல. எனக்கு நெனவே இல்ல. சாவிச் சத்தந்தான் மொதல்ல கேட்டுச்சி."

அவள் பெருமூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சுளையை எடுத்து விதை நீக்கி என் வாயில் வைத்தாள். கொஞ்சம் பொறுத்து, "மலையில எறங்கும்போது, ஒரு வளைவுல, நான் கூப்ட்டது?" என்றாள்.

"எப்ப கூப்ட்ட?"

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். நான் இன்றும் 'இன்னாங்க' தான். அந்தப் பெயரை அவள் மறுபடி சொல்லவே இல்லை, நானும் கேட்க முடியாது. இதை அவள் படிப்பாள். படித்துவிட்டு என்ன சொல்வாளோ என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லித் திட்டினாலும் பரவாயில்லை.